இங்கிலீஷில் கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது: நான்கையும் சேர்த்துச் சொல்லித்தருவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோபி பக்கம் டியூஷன் எடுக்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பிள்ளையை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிற அப்பா அம்மாக்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்வி எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

சேர்த்துச் சொல்லித்தருவது என்றால் என்னங்க?

பல இடங்களில் திங்கள் ரீடிங், செவ்வாய் ரைட்டிங், வெள்ளிக்கிழமை நேரம் மிஞ்சினால் ஸ்பீக்கிங் என்று டைம்டேபிள் போட்டிருப்பார்கள். அப்படி இல்லாமல், செய்து முடிக்கிற மாதிரி ஒரு வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதை முடிக்கப் போகிற வழியிலேயே படிக்கவும் கேட்கவும் பேசவும் எழுதவும் தேவை வருகிற மாதிரி பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான். ‘நான்கையும் சேர்க்கிறேன்’ என்று ஒரே பாடத்தை முதலில் வாசிக்கச் சொல்லி, பிறகு எழுதச் சொல்லி, அப்புறம் ஒப்பிக்கச் சொல்வது இதில் சேராது. அது அதே பாடம் நான்கு தடவை, வேறொன்றுமில்லை.

இது புதுசா வந்த ஃபேஷனா?

இல்லை. அதுவும் நம்ம பக்கத்து ஊர் சமாச்சாரம். என்.எஸ். பிரபு என்கிற ஆசிரியர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் இதைச் செய்து பார்த்தார். இலக்கணப் பாடத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் டைம்டேபிள், ஊர் மேப் மாதிரி சாதாரணப் பொருட்களை வைத்துக் கணக்குப் போடுகிற மாதிரி கேள்விகள் கொடுப்பார்: இந்த ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் போய்ச் சேர முடியுமா, முடியாது என்றால் வேறு எதைப் பிடிக்கலாம் என்கிற வகை. கவனம் விடையைக் கண்டுபிடிப்பதில் இருக்கும், மொழி பின்னாலேயே வரும். உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று இன்றைக்கும் படிக்கிறார்கள். நம் ஊர் பயிற்சிகளில்தான் இந்தப் பேரை அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை, ஏனென்று தெரியவில்லை.

ஆர்வத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைக்கு முதலில் ஆர்வம் வர வேண்டாமா?

இங்கேதான் நான் பலரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆர்வத்தை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் பாடம் நடத்தலாம் என்று மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூட்டி வருகிறார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். அடுத்த நாள் அதே பாடம், அதே கொட்டாவி. ஒரு வேலையை இங்கிலீஷில் செய்து முடித்துவிட்டோம் என்று பிள்ளைக்கே தெரிகிறபோதுதான் ஆர்வம் வருகிறது. முடித்த பிறகுதான், அதற்கு முன்னால் இல்லை.

டெசி, ரையன் என்கிற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மனிதனுக்கு ஒரு காரியத்தில் தானாக ஈடுபாடு வர மூன்று வேண்டும் என்றார்கள்: கொஞ்சமாவது நாமே தேர்ந்தெடுத்துச் செய்ய இடம் இருக்க வேண்டும், நம்மால் முடிகிறது என்று தெரிய வேண்டும், நாலு பேரோடு ஒட்டி இருக்க வேண்டும். கிராமர் நோட்டில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற பிள்ளைக்கு இதில் எது கிடைக்கிறது என்று நீங்களே பாருங்கள். டென்ஸ் சரியாகப் போட்டால் ஒரு டிக், தப்பாகப் போட்டால் ஒரு சுழி, பக்கத்தில் இருக்கிறவனோடு பேசினால் திட்டு.

சரி, ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்று காட்டுங்கள்.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி எடுப்பது மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில். நம் பக்கத்துப் பிள்ளைகளில் அதில் போனவர் ஒருவராவது இருப்பார், போகாதவர்களுக்குப் போக ஆசை இருக்கும்.

இரண்டு தாள் தயார் செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் அதே பத்தி, ஆனால் வெவ்வேறு இடங்களில் எண்கள் விடுபட்டிருக்கும். முதல் தாளில் ரயில் பாதைக்கு 1854இல் திட்டம் போட்டார்கள், பாதையின் நீளம் 46 கிலோமீட்டர், ஏறி முடிக்கிற உயரம் 2,203 மீட்டர் என்பது இருக்கும். இரண்டாம் தாளில் வேலை தொடங்கியது 1891, முடிந்தது 1908, புறப்படுகிற இடத்தின் உயரம் 326 மீட்டர். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். “வென் டிட் த ஒர்க் ஸ்டார்ட்?” என்று கேட்கத் தெரியாதவன் முதலில் “ஒர்க்? ஸ்டார்ட்? இயர்?” என்று கேட்பான். கேட்கட்டும், தடுக்காதீர்கள்.

இதில் ஒரு அழகான இடம் வரும். எதிரில் இருக்கிறவள் “எயிட்டீன் நைன்ட்டி ஒன்” என்று சொன்னதை இவன் 1991 என்று எழுதிக்கொள்வான். அப்புறம் 1908இல் முடிந்தது என்று கேட்டதும் முழிப்பான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எப்படி முடிஞ்சுது? “ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்” என்று கத்துவான். திருத்தச் சொல்லி நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம், கணக்கே திருத்திவிடும். காது கொடுத்துக் கேட்பது எதற்கு என்று அந்த ஒரு நிமிஷத்தில் புரிகிறது, லிசனிங் டெஸ்ட் என்று பத்து தடவை வைத்தாலும் அது புரிவதில்லை.

அடுத்தது படிப்பது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடும், எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். இதைச் சின்னப் பத்தியாக, எளிய இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி: மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுகிறதே, ஏன்? விடை பத்தியில் நேரடியாக இருக்கக் கூடாது, யோசித்தால் கிடைக்க வேண்டும். நான்கு நான்கு பேராகப் பேசிக்கொள்வார்கள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். பெட்டி கழன்றால் கீழே உருண்டுவிடும் என்று ஒரு குழு கண்டுபிடிக்கும், அதை எழுந்து இங்கிலீஷில் சொல்ல ‘இஃப்’ போட்டுப் பேச வேண்டி வரும். ‘இஃப்’ வாக்கியம் என்று போர்டில் எழுதி அரை மணி நேரம் நடத்துவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் முகத்திலேயே பார்க்கலாம்.

கடைசியாக எழுதுவது. சென்னையில் இருக்கிற மாமா பிள்ளை லீவுக்கு வருகிறான், இந்த ரயிலில் போகலாமா, பஸ்ஸில் போகலாமா என்று அவனுக்கு ஐந்தாறு வரி மெசேஜ். ரயில் மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் ‘பஸ்ஸே போதும்’ என்று எழுதுகிற பிள்ளையும் இருக்கும். எழுதட்டும். என்ன சொல்வது என்பது அவர்கள் இஷ்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெசேஜும் கட்டுரைப் பயிற்சி ஆகிவிடும்.

இதெல்லாம் ஒரே பீரியடில் முடியாது. இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு இது சரிப்படுமா?

அவர்களுக்குத்தான் இன்னும் நன்றாகச் சரிப்படும், ஏனென்றால் வேலையை நாம் உருவாக்க வேண்டியதில்லை, அவர்களே கொண்டு வருவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டரைக் கவனித்துக்கொள்கிற வேலைக்கு, வந்த பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து மெயில் வருகிறது: அனுப்பிய சாம்பிளில் காலரின் கலர் பாடித் துணியை விட டார்க்காக இருக்கிறது, அப்ரூவல் தர முடியாது, புது சாம்பிள் எப்போது வரும்? அவன் அதைப் படிக்க வேண்டும். சாயம் போடுகிற டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டு “அண்ணா, ரிப் காலர் ஷேடு ஏறிடுச்சுங்களாமா, என்னங்கண்ணா பண்றது” என்று தமிழில் கேட்க வேண்டும். அவர் சொல்கிற பதிலை எடுத்துக்கொண்டு, கம்பெனி மானமும் போகாமல், தேதியிலும் மாட்டிக்கொள்ளாமல் இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும். சாயந்தரம் பையரே போனில் வந்துவிட்டால் பேசவும் வேண்டும். ஒரு காலருக்குள் நான்கு திறனும் இருக்கிறது.

வகுப்பில் இதை அப்படியே நடிக்க வைக்கலாம். ஒருவர் பையர், ஒருவர் மெர்ச்சண்டைசர், ஒருவர் டையிங் மாஸ்டர். டையிங் மாஸ்டருக்கு இங்கிலீஷே தெரியாது என்பது விதி. பையருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நிற்கிறவர் பாடுதான் பாடு. போனில் தேதி சொல்லும்போது ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழப்பம் கட்டாயம் வரும், வர வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் அந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. சரக்கு லேட்டாகி கப்பலை விட்டு விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று மிஞ்சாது என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். “பிளீஸ் கன்ஃபர்ம் த டேட் பை மெயில்” என்கிற வரியை நான் மனப்பாடம் செய்யச் சொன்னதே இல்லை, ஒரு தடவை தேதியில் ஏமாந்த பிறகு அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கார்னர், லாம்பர்ட் என்கிற கனடா ஆய்வாளர்கள் 1972இலேயே மொழி படிக்கிறவர்களை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். அந்த மொழி பேசுகிறவர்களோடு ஒன்றிப்போக விரும்புகிறவர்கள் ஒரு ரகம், காரியம் ஆக வேண்டும் என்று படிக்கிறவர்கள் இன்னொரு ரகம். திருப்பூரும் கரூரும் முழுக்க இரண்டாவது ரகம். வெள்ளைக்காரன் மாதிரி பேச யாரும் வருவதில்லை, பையரிடம் பேச்சில் தோற்காமல் இருந்தால் போதும். அதை மட்டம் என்று நினைக்கிற இங்கிலீஷ் டீச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்போ கிராமர் வேண்டாமா?

வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. கனடாவில் பள்ளிப்பாடம் முழுவதையும் பிரெஞ்சிலேயே படித்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மெரில் ஸ்வெயின் 1985இல் ஒரு விஷயம் எழுதினார்: வருஷக்கணக்காகப் பிரெஞ்சைக் கேட்டுக் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுமாறுகிறார்கள். கேட்டால் மட்டும் போதாது, சொல்ல முயன்று முட்டி நிற்கிறபோதுதான் எது தெரியவில்லை என்று தெரிகிறது என்பது அவர் முடிவு. அதனால் வேலை முதலில், முட்டிய இடத்தில் கிராமர்.

எனக்குப் பிடித்த வழி டிக்டோகிளாஸ். ஐந்தாறு வரியைச் சாதாரண வேகத்தில் இரண்டு தடவை வாசிப்பேன். வழக்கமான டிக்டேஷன் மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல மாட்டேன். முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, இருவர் இருவராக உட்கார்ந்து முழுப் பத்தியையும் திரும்பக் கட்ட வேண்டும். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறபோது “மிஸ், நாங்க ‘வாஸ்’ விட்டுட்டோம்” என்று அவர்களே சொல்வார்கள். பாஸிவ் வாய்ஸ் நடத்த அதுதான் நேரம், பத்து நிமிஷம் போதும்.

எல்லா நேரமும் சேர்த்தேதான் நடத்த வேண்டுமா?

இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராத பிள்ளைக்குத் தனியாக உட்கார்ந்து எழுத்தையும் ஒலியையும் சொல்லித்தான் தர வேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது. உச்சரிப்பும் அப்படித்தான், அஞ்சு நிமிஷம் அதற்கென்றே ஒதுக்கலாம். பால் நேஷன் என்கிற நியூசிலாந்துக்காரர் 2007இல் ஒரு கணக்குச் சொன்னார்: கேட்டும் படித்தும் புரிந்துகொள்வது, பேசியும் எழுதியும் சொல்வது, மொழியைத் தனியாக உற்றுப் பார்ப்பது, தெரிந்ததைத் தங்குதடையில்லாமல் செய்து பழகுவது. இந்த நான்குக்கும் ஏறக்குறைய சம நேரம். நம் வகுப்புகளில் மூன்றாவதே முக்கால்வாசியைத் தின்றுவிடுகிறது, நான்காவது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது நடக்கிற காரியமா?

நடக்கும், சத்தம் வரும். ஓட்ட டிக்டேஷன் செய்து பாருங்கள். ஒரு பத்தியை வெளிச்சுவரில் ஒட்டிவிட்டு, ஜோடிக்கு ஒருவர் ஓடிப்போய்ப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு ஓடி வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாற வேண்டும். பெஞ்சில் தூங்கி வழிகிற பையன்தான் முதலில் ஓடுவான். தலைமையாசிரியரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவரும் ஓடி வருவார்.

குழு வேலையே வேண்டாம், சமாளிக்க முடியாது என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரபு தன் வகுப்புகளில் குழு வேலையை அவ்வளவாக நம்பவில்லை. முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் கேள்வி கேட்டு ஒரு புதிரைச் செய்து காட்டுவார், பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள். நம் பெரிய வகுப்புகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

வகுப்பில் தமிழ் பேசலாமா?

தாராளமாக. தமிழ் பேசினால் ஃபைன் என்று போர்டு வைத்த இடங்களில் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுவதில்லை, எதுவுமே பேசுவதில்லை. மேலே சொன்ன மெர்ச்சண்டைசர் இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொல்லி, தமிழில் கேட்டதை இங்கிலீஷில் எழுதுகிறார் இல்லையா, அதுவே ஒரு திறன். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகத்தில் இப்படி நடுவில் நின்று எடுத்துச் சொல்வதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பேசிக் கண்டுபிடிப்பது தமிழில் இருக்கலாம், முடிவை வகுப்புக்குச் சொல்வது இங்கிலீஷில் இருக்கட்டும்.

வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது?

எழுப்பி நிறுத்தாதீர்கள். அது ஒன்றே பாதி வேலை. சேர்த்து நடத்துவதில் உள்ள வசதி என்னவென்றால், பேச்சு வராத பிள்ளைக்கும் அன்றைக்கு ஒரு இடம் உண்டு. எழுதுகிறவளாக இருக்கலாம், படித்துக் கண்டுபிடிக்கிறவளாக இருக்கலாம். அவள் கண்டுபிடித்த விடை குழுவுக்குத் தேவைப்படும்போது “சொல்லு கண்ணு, என்னன்னு” என்று மற்றவர்களே நச்சரிப்பார்கள். டீச்சர் கேட்டால் வராத குரல் அங்கே வரும். அப்புறம் நாலு-மூணு-ரெண்டு என்று ஒரு பயிற்சி இருக்கிறது: அதே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிஷம், அடுத்தவரிடம் மூன்று, இன்னொருவரிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்வது. மூன்றாவது தடவை சொல்கிறபோது தயக்கம் குறைந்திருப்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தினால் எல்லாம் போச்சு.

பொதுத்தேர்வில் மார்க் குறையாதா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பேசுவதற்கு மார்க் இல்லை, அதனால்தான் பேச்சு கழன்று போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வித்தாளையே எடுத்துப் பாருங்கள். வழி தெரியாத ஆளுக்கு வழி சொல்லும் ரோடு மேப் கேள்வி, விளம்பரம், கடிதம், சுருக்கி எழுதுவது எல்லாமே நிஜ வேலைகள்தான், நாம்தான் அவற்றை மனப்பாடமாக்கி வைத்திருக்கிறோம். ஈரோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து பன்னீர்செல்வம் பார்க் போக வழி. ஒருவர் கையில் மேப், இன்னொருவர் கையில் வெள்ளைத் தாள். சொல்லச் சொல்ல வரைய வேண்டும், வரைந்ததை எடுத்து மேப்போடு வைத்துப் பார்க்க வேண்டும், சிரித்து முடித்த பிறகு அதே வழியை நான்கு வரியில் எழுத வேண்டும். தேர்வில் வேறு எந்த மேப் வந்தாலும் அந்தப் பிள்ளை எழுதிவிடும். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தவன் இடது வலது மாறினால் மாட்டிக்கொள்வான்.

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: 2005இல் வந்த டோஃபல் இணையத் தேர்விலேயே, படித்துவிட்டு, அதைப் பற்றிய பேச்சையும் கேட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லும் கேள்வி வந்துவிட்டது, 2026இல் தேர்வை மாற்றும் வரை அது இருந்தது.

செல்போன், ஏஐ இதெல்லாம் உதவுமா?

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் போதும். பேசி, கேட்டுப் பார்த்து, பிடிக்காமல் அழித்து, திரும்பப் பேசி அனுப்புவார்கள். அந்த அழித்துப் பேசுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஏஐயோடு பேசிப் பழகலாம், கூச்சப்படுகிறவர்களுக்கு நல்லதுதான், ஆனால் மெயிலை அதையே எழுதச் சொன்னால் படித்தது அதுதான், நீங்கள் இல்லை.

எத்தனை மாதத்தில் பேச வரும்?

முப்பது நாள் என்று போர்டு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள், என்னிடம் அந்தக் கணக்கு இல்லை.

வீட்டில் எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நாங்கள் என்னங்க செய்ய முடியும்?

தெரியாதது ரொம்ப நல்லதாகப் போயிற்று. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால் நான் கேட்கிற கேள்வி எல்லாம் அதற்குப் பரீட்சை மாதிரிதான் படும். நீங்கள் கேட்டால் அது நிஜக் கேள்வி. தோட்டத்துக்குப் புது மோட்டார் வாங்கினால் கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகம் வரும், நாம் அதைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிடுவோம். பிள்ளை கையில் கொடுத்து, “எத்தனை வருஷம் வாரண்டி, எதுக்கெல்லாம் தர மாட்டாங்களாமா, தாத்தனுக்குப் படிச்சுச் சொல்லு சாமி” என்று சொல்லுங்கள். படிக்கும், தமிழில் சொல்லும். தாத்தா குறுக்குக் கேள்வி கேட்பார், மோட்டார் காயில் புகைந்தால் தருவாங்களா மாட்டாங்களா என்று, திரும்பப் போய்ப் படிக்கும். புத்தகத்திலேயே இல்லாத கேள்வியாக இருந்தால், கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். பதில் வந்ததா என்று அது தினமும் போனைப் பார்க்கும்.